காட்டு வழியாக அளந்த தூரம்

பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் செருப்பு கனத்துவிட்டது. மழையில் நனைந்த கரிசல் மண் அடி வைக்க வைக்க ஏறிக்கொண்டே வந்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உளுந்துக் காட்டுக்கு நடுவே நடந்தேன். தோளில் பிரஷ்களும் பெயின்ட் டப்பாக்களும் போட்ட சாக்குப்பை. திருப்பூரில் சில மாதம் பனியன் கம்பெனியில் கிடந்துவிட்டு, சுவர் எழுதும் வேலை இருக்கும் என்று நம்பி நாகலாபுரம் பக்கத்து அந்தச் சின்ன ஊருக்கு வந்திருந்தேன். தொடக்கப் பள்ளி பூட்டிக் கிடந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்களாம். அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் நான் ஏறி இறங்கிய பள்ளிக்கூடங்கள் அதிகம். அரசாங்கம் பாடம் நடத்தும் முறையை மாற்றும்போதெல்லாம் சுவரும் மாறும். எனக்குச் சோறு கிடைக்கும். முதல்முறை அந்த ஊருக்குப் போனபோது, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தபடியே எழுத வேண்டும் என்று சுவரின் அடிப்பாகம் முழுக்கக் கரும்பலகை அடிக்கச் சொன்னார்கள். அந்தப் பள்ளி டீச்சர் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்து கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். நாற்காலியை மூலையில் போட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்து பாட அட்டைகளைப் பிரித்துக் கொடுப்பார். அது அவருக்கும் பிள்ளைகளுக்கும் கைவந்த நேரத்தில், போதும் என்று உத்தரவு வந்தது. அட்டைகள் பரணுக்குப் போயின. நான் அடித்த கரும்பலகைமேல் நானே வெள்ளையடித்தேன். அதற்கப்புறம் ஒரு திட்டத்தின் படம், அதன்மேல் இன்னொன்று. எது நல்ல முறை, எது மோசம் என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஐந்தாம் வகுப்பை முடிக்கும்வரை எந்த முறையும் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசியாகக் கைபேசி வந்தது. வருகைப் பதிவு, பிள்ளைகளின் உயரம், எடை, செருப்பு அளவு எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும். தண்ணீர்த் தொட்டி ஏணியில் நாலு படி ஏறினால்தான் சிக்னல். இன்னொரு ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போனதோடு சரி, அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. டீச்சர் ஏணியில் நிற்கிற நேரம் வகுப்பில் ஆளில்லை.

"பாத்து டீச்சர், விழுந்துராதீங்க" என்றேன் ஒருநாள்.

"விழுந்தா அதையும் இதுலதான் ஏத்தணும் அண்ணாச்சி."

வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளி வேனில் ஏற்றிவிடத் தொடங்கினார்கள். பிள்ளைகள் குறைந்ததும் பள்ளியை இணைக்கும் பேச்சு வந்தது. பக்கத்துப் பள்ளி நடக்க முடியாத தூரத்தில் இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று டீச்சர் சொன்னார். தார் ரோடு ஊரைச் சுற்றிப் போகிறது. அந்தக் கணக்கில் தூரம் அதிகம். அதுதான் அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை.

தூரம் பார்க்க ஒரு அதிகாரி பைக்கில் வந்தார். சித்திரை வெயில். நான் சுவரில் எழுதிக்கொண்டிருந்தேன். ஊர்க்காரர்கள் அவருக்கு மோர் கொடுத்தார்கள். அவர் ரோட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பியதும் அங்கே வெள்ளாமை பார்க்கும் ஒரு சம்சாரி ஓடிவந்து மறித்தார்.

"சார், இந்த வெயில்ல ரோட்டுல எதுக்கு அலையுதீங்க? காட்டு வழியா விடுங்க, சட்டுனு போயிரலாம்."

வழியை அடைத்துக் கிடந்த வேலிமுள்ளை நாலைந்து பேர் இழுத்துப் போட்டார்கள். காய்ந்த கரிசல் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. பைக் ஓடிய தூரம், பள்ளியை இணைக்கலாம் என்ற விதிக்குள் அடங்கிவிட்டது. ஏணியில் நின்ற டீச்சர் போட்ட சத்தம் யார் காதிலும் விழவில்லை.

இறங்கி வந்து கேட்டார்: "மழைக்காலத்துல அந்த வழியில மாடு இறங்குமா? ஒருத்தருக்காவது சொல்லணும்னு தோணுச்சா?"

"வந்த மனுசன சுத்திப் போங்கன்னு எப்படி டீச்சர் சொல்லுறது? அது மருவாதியா?" என்றார் சம்சாரி.

"இவிய மருவாதியில பள்ளிக்கூடமே போவப்போவுது" என்றாள் அவர் மனைவி.

அந்தக் காட்டு வழியில்தான் இப்போது நடந்தேன். முழங்கால்வரை சேறு. என் தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை.

ரோடு ஏறியதும் பெரிய பள்ளிக்கூடம். டீச்சரை அங்கேதான் மாற்றியிருந்தார்கள். என் காலைப் பார்த்ததும் வந்த வழி அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பிள்ளைக யாரையும் வழியில பாத்தீங்களா?"

"ஒருத்தரும் இல்ல டீச்சர்."

"மழை விழுந்ததுலேர்ந்து வாரதில்ல. தெனமும் வரலன்னு ஏத்துதேன். ஏன் வரலன்னு என்னையவே கேக்காக. ஆடியிலயும் ஆவணியிலயும் ஓடித்தான் வந்துச்சுக, பாவம்."

கைபேசியைப் பார்த்தார். இங்கே சிக்னல் நன்றாகக் கிடைத்தது. கால் கழுவக் குழாயைக் காட்டினார். சுவர் வேலை இருக்கிறதா என்று கேட்காமலே காலைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

ராத்திரி பஸ் நிழற்குடையில் படுத்தேன். காலையில் டீக்கடையில் ஒரு டிரைவர் என்னையும் சாக்குப்பையையும் பார்த்தார். இங்கிலீஷ் பள்ளி வேன் ஓட்டுகிறவர்.

"அண்ணாச்சி, கிளீனர் சொல்லாம கொள்ளாம நின்னுட்டான். ஏறுதீங்களா?"

ஏறினேன். தார் ரோட்டைச் சுற்றி அந்த ஊருக்குத்தான் முதலில் போனோம். பணம் கட்டியவர்களின் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றிவிட்டு, கதவைச் சாத்தி, போகலாம் என்று வண்டியைத் தட்டுவது என் வேலை.