பட்டியலில் ஏழாவது சாமான்

மலேசியாவின் பீடோங்கில் மூன்றாம் மாடியில் இருக்கும் தன் வீட்டைக் குணசுந்தரி வெறுமனே ‘வீடு’ என்று சொன்னதே இல்லை. ‘சொந்த வீடு’ என்றுதான் சொல்வார். கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் நின்றபடியே வேலை பார்த்து, வங்கிக் கடனை அடைத்து முடித்த வீடு. ஆகவே அந்தப் பெருமையை நாமும் பொறுத்துக்கொள்ளலாம். மாடிப்படியில் புது முகம் தென்பட்டால், “வாடகையா, சொந்தமா?” என்று கேட்டுவிட்டுத்தான் பெயரைக் கேட்பார்.

சொந்தத்தின் மேல் இத்தனை பிடிப்பு உள்ளவருக்கு ஒரு சின்னப் பலவீனம் உண்டு. இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிடுவார். கெட்ட எண்ணம் கிடையாது. அவர் வீட்டுக்குள் வரும் இரவல் சாமான் முதல் மாதம் விருந்தாளி. ஒரு வருஷத்தில் சிவப்பு ஐசி, அதாவது அடையாள அட்டை, வாங்கி நிரந்தரவாசி. மூன்றாம் வருஷம் நீல ஐசியோடு முழுக் குடிமகன். நம்மவர்கள் சிலர் ஐம்பது வருஷம் அலைந்தும் கிடைக்காத அந்த நீல ஐசி, அவர் வீட்டில் ஓர் ஏணிக்கும் இட்லிக் குண்டானுக்கும் அலைச்சலில்லாமல் கிடைத்தது.

அப்படிக் குடியேறியவற்றில் மூத்தது மாவரைக்கும் கிரைண்டர். நான்காம் மாடி கமருன்னிசாவினுடையது. ஒன்பது வருஷத்துக்கு முன், ஒரு தீபாவளிக்காக ரெண்டே ரெண்டு நாளுக்கென்று கீழே இறங்கி வந்தது.

போன மாதம் பக்கத்து பிளாக்கில் ஒரு வீடு தீப்பிடித்தது. இன்சூரன்ஸில் சுவரைச் சரிசெய்து கொடுத்தார்கள். உள்ளே கருகிய கட்டிலுக்கும் பிரிட்ஜுக்கும் ஒன்றும் வரவில்லை. அந்தப் பயத்தில்தான் குணசுந்தரி இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ரமணியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“மேனேஜ்மென்ட் எடுத்திருக்கிறது கட்டடத்துக்கு மட்டும்தான் ஆண்ட்டி. உள்ள இருக்கிற சாமானுக்கு நீங்கதான் தனியா எடுக்கணும் லா” என்றாள் ரமணி.

குணசுந்தரி சொல்லச் சொல்ல ரமணி எழுதினாள். பிரிட்ஜ், டிவி, துணி துவைக்கும் மெஷின், அலமாரி, சோபா, கட்டில். ஏழாவதாக, நாக்கு கொஞ்சமும் தடுமாறாமல், “கிரைண்டர்” என்றார்.

“எல்லாம் உங்களோடதுதானே? இரவல் சாமான எழுதிட்டா நாளைக்கு க்ளேம் பண்றப்ப பிரச்சன ஆயிடும். இதெல்லாம் எனக்குச் சொந்தம்னு இங்க சைன் பண்ணுங்க.”

குணசுந்தரி கையெழுத்துப் போடவில்லை. பேனா சரியில்லை, நாளை மறுநாள் வா என்றார். ரமணியின் கையில் மூன்று பேனா இருந்தது.

விஷயம் இதுதான். கமருன்னிசா வீட்டை விற்றுவிட்டு, வரும் சனிக்கிழமை ஜித்ராவில் இருக்கும் மகன் மஜீத் வீட்டோடு போகிறார். வாயை மூடிக்கொண்டு லாரி கிளம்பும்வரை பொறுத்திருந்தால் கிரைண்டர் தானாகவே தன்னுடையதாகிவிடும் என்று குணசுந்தரியின் மூளை சொன்னது. அவருக்கே வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. ஒன்பது வருஷமாக வெள்ளிக்கிழமை காலையில் கமருன்னிசா ஊறவைத்த அரிசியோடு இறங்கி வருவார், தன் மெஷினிலேயே மாவரைக்க. மாவு அரைபட அரை மணி. பேச்சு முடியக் காலை பதினொரு மணி ஆகிவிடும். புருஷன் போன பிறகு குணசுந்தரி வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் அந்த நேரத்தில்தான். இனி வரும் வெள்ளிக்கிழமைகளை நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது.

அந்தக் கடைசி வெள்ளியும் வந்தது. அரிசிப் பாத்திரத்தோடு உள்ளே வந்த கமருன்னிசா, பளிச்சென்று துடைத்துப் பழைய சாரோங் கைலியில் மூட்டையாகக் கட்டியிருந்த கிரைண்டரைப் பார்த்து நின்றுவிட்டார்.

“என்ன சுந்தரி, மெஷினைக் கட்டி வச்சிருக்க?”

“ஒங்களோடதுதானே அக்கா. ஜித்ராவுக்கு எடுத்துட்டுப் போங்க.”

“ஒம்பது வருஷமா வராத ஞானம் இப்ப எங்கேருந்து வந்துச்சு?”

குணசுந்தரி, ரமணி விட்டுப்போன இன்சூரன்ஸ் படிவத்தை நீட்டினார். ஏழாவது வரியைப் படித்த கமருன்னிசா, முக்காடு நழுவச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, குணசுந்தரி மெல்லக் கேட்டார்:

“இல்லாட்டி, எனக்கே குடுத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. சைன் பண்ணிடுறேன்.”

“குடுக்க மாட்டேன்.”

குணசுந்தரிக்கு முகம் சுண்டிவிட்டது. இத்தனை வருஷப் பழக்கத்துக்கு இவ்வளவுதானா?

“அப்ப எடுத்துட்டுப் போங்க.”

“எடுத்துட்டும் போக மாட்டேன். என் மருமவ கடையில மாவு வாங்குறவ, அங்க இது எதுக்கு?” கமருன்னிசா உட்கார்ந்துகொண்டார். இப்போது அவர் சிரிக்கவில்லை. “ஒனக்குக் குடுத்துட்டா அதோட முடிஞ்சுபோச்சு லா. இரவலா இருந்தாத்தான், ஒரு பொம்பளகிட்ட என் மெஷின் இருக்கு, பார்த்துட்டு வரேன்னு மவன்கிட்ட சொல்லிட்டு நான் ரெண்டு பஸ் மாறி வர முடியும். சும்மா போறேன்னா விடுவானா?”

 குணசுந்தரி குனிந்து சாரோங் முடிச்சை அவிழ்த்தார். கண் கலங்கியதில் முடிச்சு சீக்கிரம் பிடிபடவில்லை. பிறகு அரிசியைப் போட்டு மெஷினைத் தட்டிவிட்டார். அன்று பேச்சு முடிய மத்தியானம் ஒரு மணி ஆனது.

மறுநாள் காலையில் லாரி போயிற்று. மத்தியானம் ரமணி வந்தபோது, பட்டியலில் ஏழாவது வரி பட்டையாக அடிக்கப்பட்டிருந்தது.

“என்ன ஆண்ட்டி, கிரைண்டர வித்துட்டீங்களா?”

“அது இன்னிக்குக் காலையில ஜித்ராவுக்குப் போன மேல் வீட்டு அக்காவோடது. இரவல்.”

“அப்ப தீப்பிடிச்சா அதுக்கு ஒரு காசும் வராது. பேசாம ஜித்ராவுக்கே வேற லாரியில அனுப்பிடுங்க.”

குணசுந்தரிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்தைப் போட்டார்.

“நீ ஒண்ணும் யோசன சொல்ல வேணாம். அவங்களே வந்து கேக்கட்டும்.”