மேசைக்குள் கிடந்த டிராயிங்

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் பிரிவில் இருந்தேன். திருத்திய டிராயிங்குகள் ஒழுங்காகப் பட்டறைக்குப் போய்ச்சேர, தனி அலுவலகம் வேண்டுமென்று நிர்வாகத்துக்கு அறிக்கை எழுதினேன். நஷ்டத்துக்கு உதாரணமாக, லேத் என்னும் கடைசல் எந்திரத்தில் வேலை செய்யும் அந்தோணி பழைய டிராயிங்கைப் பார்த்துக் கடைந்ததால் நாற்பது தண்டுகள் வீணாயின என்று குறிப்பிட்டேன். புதியதை அனுப்ப மறந்து என் மேசைக்குள்ளேயே வைத்திருந்ததை எழுதவில்லை.

அலுவலகம் கிடைத்தது, பொறுப்பும் எனக்கே வந்தது. அந்தோணியை வேலையைவிட்டு நீக்கினார்கள்.

கேட்டருகே அவர் என்னை நிறுத்தினார். "நீ குட்த்த படத்தப் பாத்துதான சார் கடஞ்சேன்? உள்ள வந்து மேனேஜராண்ட ஒரு வார்த்த சொல்லு."

"விசாரிக்கிறேன்," என்றேன்.

"இன்னாத்த விசாரிப்ப? உனக்குத் தெரியாதா?"

சைக்கிளில் ஏறிப் போய்விட்டேன்.

அந்த அலுவலகத்தால் தவறுகள் குறைந்தது உண்மை. அதற்காக யாராவது பாராட்டினால், என்மேலேயே எனக்கு வெறுப்பு வரும்.