குறத்திக்குக் கட்டிய தாலி

என் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மாப்பிள்ளை கழுத்தில் தாலி ஏறிவிட்டது. இதை எழுதலாமா கூடாதா என்று ரொம்ப நாள் யோசித்தேன். சம்பந்தப்பட்டவர்கள் யாரும் இப்போது இல்லை. எனக்கும் வெட்கப்பட்டு வெட்கப்பட்டு அலுத்துவிட்டது.

சிராங்கூன் ரோட்டில் அப்போது மாட்டுக்கொட்டகைகள்தான் அதிகம். அப்பா புண்ணாக்குக் கடை வைத்திருந்தார். மாப்பிள்ளை பால்காரர், சொந்தமாக ஐந்து மாடு. ஆனால் அவருக்குப் பெயர் பாலால் வரவில்லை, குறத்தி வேஷத்தால் வந்தது. ஒடிசலான உடம்பு, மெல்லிய குரல். கோயில் வாசலில் வருஷாவருஷம் போடுகிற சாமி கல்யாணக் கூத்தில் அவர்தான் குறத்தி. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒருவர்தான் சாமி. என் மாப்பிள்ளையை நான் பார்த்ததெல்லாம் பவுடர் பூசி, பாசிமணி போட்ட கோலத்தில்தான். அந்த முகம் எனக்குப் பிடித்திருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த வருஷம் வெயில் தாழ்ந்ததுமே கூத்தைத் தொடங்கிவிட்டார்கள். எனக்குச் செய்த தாலியை அம்மா அன்றைக்குத்தான் கயிற்றில் கோத்து, சாமி காலடியில் வைத்துத் தரச்சொல்லி பூசாரியிடம் கொடுத்திருந்தாள். கூத்தில் கல்யாணக் கட்டம் வந்தது. வேஷத் தாலியைக் காணோம். அது வெறும் மஞ்சள் கிழங்கு. யாருடைய மாடோ தின்றுவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். மத்தளக்காரர் கோயிலுக்குள் ஓடி, கண்ணில் பட்ட தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். தாலியைப் பார்த்ததும் பூசாரி பழக்கத்தில் மந்திரமே சொல்லிவிட்டார். சாமி கட்டினார். கூட்டம் அட்சதை போட்டது. நானும் போட்டேன்.

"ஐயோ, அது எம்பொண்ணு தாலி!" என்று அம்மா கத்தும்போது மூன்று முடிச்சும் விழுந்துவிட்டிருந்தது.

மறுநாள் எங்கள் வீட்டில் பஞ்சாயத்து. மாப்பிள்ளை சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் அப்படியேதான் வீடு வீடாகப் பால் ஊற்றினாராம். அம்மாவும் அத்தையும் நானும் திரைக்குப் பின்னால் இருந்தோம்.

"அவுத்துக் குடுத்துடறேன் மாமா," என்றார் மாப்பிள்ளை அப்பாவிடம்.

"நல்லாருக்கே!" என்றாள் அத்தை, திரைக்குள்ளிருந்து. "கட்டினவன் குத்துக்கல்லாட்டம் எதிர்ல உக்காந்திருக்கான். அவன் உசிரோட இருக்கறப்ப அவுக்கறதாவது!"

சாமி வேஷக்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. "அவுக்கக் கூடாதுங்க. நான் மூட்டையோட கப்பல் ஏணி ஏறுறவன். எனக்கு எதாச்சும் ஆச்சுன்னா?"

பூசாரி ஒரு வழி சொன்னார். "இன்னொரு கூத்துப் போடுவோம். அதுல சாமி செத்துப்போகட்டும்."

"சாமி எப்படிய்யா சாகும்?" என்றார் அப்பா.

"அப்ப ராஜா வேஷம் கட்டிக்கிட்டுச் சாகட்டும்."

"தாலி கட்டினது சாமி," என்றாள் அத்தை. "ராஜா செத்தா ராஜா பொண்டாட்டில்ல அறுக்கணும்?"

அது நியாயம்தான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அப்பா பெருமூச்சு விட்டார். "அப்ப இந்தச் சம்பந்தம் வேணாம். வேற எடம் பாத்துக்கறோம்."

எனக்கு வேறு இடம் வேண்டாம். ஆண்கள் இருக்கிற இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. ஆனால் நாலாம் வகுப்பு வரை படித்தவள். சிலேட்டுப் பலகையை எடுத்து எழுதி, திரைக்கு அடியில் தள்ளினேன். பூசாரி எழுத்துக்கூட்டிப் படித்தார்: "தாலி கட்டியது குறத்திக்கு. பால்காரருக்கு இல்லை."

பலகை ஒவ்வொருவர் கையாக ஒரு சுற்று வந்தது. கடைசியில் சாமி வேஷக்காரர் கேட்டார், "அப்ப குறத்தி எங்க?"

"வேஷப் பெட்டியில இருக்கா," என்றார் மாப்பிள்ளை.

அன்றைக்கே அவருக்கு முழு வேஷமும் போட்டு, உடனே கலைத்தார்கள். சடை, பாசிமணி, சேலை, தாலி எல்லாம் ஒன்றாகவே பெட்டிக்குள் போயின. இப்படியாக யாரும் யாருக்கும் தாலி அவிழ்க்கவில்லை. குறத்தி உள்ளே போய்விட்டாள், அவ்வளவுதான். அத்தை பெட்டிக்குக் குங்குமம் வைத்தாள். தங்கம் பெட்டியோடு போகிறதே என்று அம்மா அழுதாள். எனக்கு மஞ்சள் கிழங்குதான் கிடைத்தது.

கல்யாணத்தன்று சாமி வேஷக்காரர் பெட்டியைத் தலையில் சுமந்து வந்து, முதல் வரிசைப் பாயில் தன் பக்கத்தில் இறக்கிவைத்தார். "குடும்பத்தோட வந்துட்டேங்க," என்றார். இரண்டு இலை போடச் சொன்னார். போட்டார்கள்.

முகூர்த்தம் வந்தது. பூசாரி தாலியை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். கெட்டிமேளம் கொட்டியது. நான் தலை குனிந்து காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவரும் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டிக் குனிந்திருந்தார். இத்தனை வருஷம் மணையில் அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். மேளக்காரருக்குக் கை ஓய்ந்துகொண்டிருந்தது.

"நீங்கதான் கட்டணும்," என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"ஆமால்ல," என்றார்.