உள்பக்கம் பார்த்த பொங்கல் பானை

மடித்த தாளை முகத்தருகே கொண்டுபோனால் புதுத்துணியும் மிஷின் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை வரும். அம்மா வேலை பார்த்த ஏற்றுமதித் துணிக் கம்பெனியில், "கட்டிங்" மேசையில் துணி அடுக்குகளின் மேல் விரிக்கிற நீளமான வெள்ளைத்தாளில் சட்டையின் கையும் காலரும் வெறும் கோடுகளாக அச்சாகியிருக்கும்; துணியை வெட்டி முடித்தபின் மிஞ்சும் ஓரத்துண்டுகளை, குப்பைக்குப் போவதற்கு முன் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, சாப்பாட்டுப் பையில் சுருட்டி வைத்து எனக்காக எடுத்து வருவாள். மாலை நான்கு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது, அம்மா வருவதற்கு இன்னும் மூன்றரை மணி நேரம் இருக்கும். அதுவரை வீட்டில் அம்மாவின் வாசனை என்று இருந்தது அந்தத் தாள்களில்தான்.

அப்போது எனக்குப் பத்து, பதினொரு வயது. மேனாம்பேட்டில், ஆறு வீடுகள் ஒரே வரிசையில் ஒட்டி நிற்கும் ஒரு காம்பவுண்டில், மூன்றாவது வீட்டில் குடியிருந்தோம். வீடு என்பது ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும். ஆறு வீட்டுக்கும் முன்னால் ஒரு ஒடுக்கமான முற்றம், அதைத் தாண்டி மதில், மதிலில் ஒரே ஒரு இரும்புக் கேட்டு. கேட்டு எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. அப்பா பூந்தமல்லியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். விடியும்போதே பஸ் ஏறிவிடுவார். அம்மாவின் கம்பெனி வேன் ஆறு மணிக்குத் தெருமுனைக்கு வந்துவிடும். கம்பெனிக்குள் கேமரா வைத்த போனைக் கொண்டுபோகக் கூடாது என்பதால் அம்மாவின் போன் என்னிடம்தான் இருக்கும். போன் கையில் இருந்தும் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது, ஏனென்றால் நான் கூப்பிட விரும்பிய ஒரே ஆளின் போன் அது. அப்பாவைக் கூப்பிட்டால் பட்டறைச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது.

"யார் ஊட்டுக்கும் போய் நிக்காத பாப்பா," என்று அம்மா தினமும் சொல்வாள். "மொத நாள் ஒக்கார வெப்பாங்க. ரெண்டாம் நாள் மூஞ்ச காட்டுவாங்க." அதனால் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு நான் தாள் மடித்தேன். கப்பல், கொக்கு, சட்டை, இதெல்லாம் முடிந்தபிறகு சும்மா பாதிபாதியாக மடித்தேன். ஒரு சதுரத்தை நீளவாக்கில் மூன்று தடவை மடித்து, பிரித்து, குறுக்குவாக்கில் மூன்று தடவை மடித்து, பிரித்துப் பார்த்தபோது, மடிப்புக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டிய இடங்களை எண்ணினேன். ஏழுக்கு ஏழு இருந்தது. ஒவ்வொரு வெட்டிலும் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி, ஒரு நூல்கூடப் பிசகாமல் இருந்தது. மூலைவாக்கில் மடித்துப் பார்த்தேன், நடுநடுவே ஊடுபுள்ளியும் கிடைத்தது. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஒன்றை நானே கண்டுபிடித்தேன் என்ற கர்வம் அன்றைக்கு எனக்கு அந்த அறை கொள்ளாத அளவுக்கு இருந்தது. ஆனால் சொல்வதற்கு ஆள் வர ஏழரை மணியாகும். வந்ததும் அம்மா காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தால் பாதிப் பேச்சிலேயே தூங்கிவிடுவாள்.

பிறகு சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் போட ஆரம்பித்தேன். சமையல் மூலைக்கு முதுகு காட்டி, கதவைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன், எந்த நேரமும் கதவைப் பார்த்தபடி இருப்பதுதான் என் பழக்கமாக இருந்தது. போட்டு முடித்ததும் போனில் ஒரு படம் பிடிப்பேன். அம்மா வருவதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன், அதன்மேல்தான் எங்கள் மூவருக்கும் பாய் விரிக்க வேண்டும். போன் கொஞ்சம் படங்களைத்தான் தாங்கும். "மெமரி ஃபுல்" என்று காட்டும்போது எதை அழிப்பது என்று யோசித்தே ஒரு மாலை போய்விடும்.

காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் ஜன்னலில் நின்று, கேட்டுக்கு வெளியே அன்றைக்குப் போட்டிருக்கும் கோலத்தைக் கம்பிகளுக்கு நடுவே படம் பிடித்து வைத்துக்கொள்வேன், மாலையில் பார்த்துப் போட. நான் வெளியே போகும் நேரத்தில் அது ஸ்கூட்டர் சக்கரத்தில் பாதி கலைந்திருக்கும். எங்கள் காம்பவுண்டில் கேட்டுக் கோலத்துக்கு "முறை" உண்டு. ஒரு வீட்டுக்கு ஒரு வாரம், ஞாயிறு தொடங்கி சனி வரை. எங்கள் வாரம் வந்தால் நாலாவது வீட்டுச் செல்வி அக்கா அதையும் சேர்த்துத் தானே போட்டுவிடுவார். அது உதவி என்றுதான் நினைத்திருந்தேன், மார்கழி தொடக்கத்தில் அந்தப் பேச்சு காதில் விழும்வரை.

முதல் வீட்டில் இருந்தவர் வீட்டுக்குச் சொந்தக்காரர். எல்லாரும் அவரை ஓனரம்மா என்போம், நான் மட்டும் நேரில் பெரிம்மா என்று கூப்பிடுவேன். ஆறாவது வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணுக்கு முறையை விளக்கிக்கொண்டிருந்தார்.

"மூணாவது ஊட்டக் கணக்குல சேக்காதம்மா. வாசல்ல நிக்க ஆளே கெடையாது. ஆறு மணிக்கே பூட்டிக்கினு பூடும்."

அவர் சொன்ன நேரத்தில் நான் அந்த மூன்றாவது வீட்டுக்குள், ஜன்னலுக்குக் கீழே, தாள் மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் நாள்காட்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு, ஆறு வீட்டையும் வாரவாரமாக எண்ணிப் பார்த்தேன். பொங்கல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று தொடங்கும் வாரம் மூன்றாவது வீட்டுக்கு. இரண்டாம் முறையும் எண்ணிவிட்டு, அம்மாவின் பேச்சை மீறி, நாள்காட்டியோடு ஓனரம்மா வாசலில் போய் நின்றேன்.

"பெரிம்மா, பொங்கல் வாரம் எங்க முறை."

"யாரு, ஒங்கம்மா போடப் போறாளா?"

"நான் போடுறேன்."

அவர் நாள்காட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே யாரிடமோ திரும்பி, "கணக்கு போட்டுக்கினு வந்துகிறா பாரு, இஸ்கூலு போற திமிரு," என்று சிரித்தார். பிறகு, "போடு. ஆனா பொங்கலன்னிக்குப் பானை வரணும். புள்ளி வெச்சு ஏமாத்தக் கூடாது, சொல்லிட்டேன்," என்றார்.

அதுவரை நான் போட்டதெல்லாம் புள்ளிக் கோலம்தான். ஜன்னல் வழியாகப் பார்த்ததும் புள்ளிக் கோலம்தான். முந்தின ஆண்டுகளில் பொங்கலுக்கு அம்மாவின் அக்கா வீட்டுக்கு அரக்கோணம் போய்விடுவோம். இந்த முறை அம்மாவுக்கு ஞாயிறு ஒரு நாள்தான், மறுநாள் வேன் வந்துவிடும் என்பதால் போகவில்லை. பானைக்கு மடிப்பில் புள்ளி கிடைக்காது. இரண்டு நாள் முயன்று, எந்தப் பானையும் ஒரு பக்கம் வீங்கியே வந்ததில் அழுதுவிட்டு, மூன்றாவது நாள் ஒரு வழி கண்டேன். கம்பெனித் தாளில் பெரிய துண்டாக எடுத்து, நடுவில் ஒரே மடிப்பு மடித்து, அரைப் பானையை வரைந்து வெட்டினேன். பிரித்தால் முழுப் பானை. இடதும் வலதும் ஒன்றுபோல. கழுத்து, வயிறு, பொங்கி வழியும் பால், இரு பக்கமும் சாய்ந்த கரும்பு, எல்லாம் தாளிலேயே வெட்டிவிட்டேன். தரையில் வைத்து ஓரத்தைச் சுற்றி வரைந்தால் போதும். மார்கழி முழுக்க அதைச் சமையல் மூலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வரைந்து, துடைத்து, மறுபடி வரைந்தேன். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "கேட்டாண்டையா? நம்ம ஊட்டுக் கோலமா?" என்று கேட்டாள், அன்றைக்கு அவள் உடனே தூங்கவில்லை.

பொங்கலன்று இன்னும் சரியாக வெளிச்சம் வராத நேரத்தில் எழுந்து, கேட்டுக்கு வெளியே தண்ணீர் தெளித்து, தாளை விரித்தேன். கேட்டுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்துக் குந்தினேன். வீட்டுக்குள் கதவைப் பார்த்து உட்கார்ந்த அதே இருப்புதான், மாற்றிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. வெள்ளை, மஞ்சள், காவி. முடித்ததும் கேட்டுக்கு உள்ளே வந்து நின்று பார்த்தேன். என் பத்து வருடத்தில் நான் செய்த எதுவும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்த செல்வி அக்காதான் முதலில் பார்த்தார். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினார்.

"இன்னாடி இது, பானையக் கவுத்து வெச்சிகிற?"

எனக்குப் புரியவில்லை. ஓனரம்மா வெளியே போய்த் தெருவில் நின்று பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. பொங்கலும் அதுவுமாக வாசலில் பானை கவிழ்ந்து கிடந்தால் ஆறு வீட்டுக்கும் ஆகுமா என்று கேட்டார். என்னைக் கையைப் பிடித்து இழுத்துத் தெருப்பக்கம் நிறுத்தியபோதுதான் நான் பார்த்தேன். பானையின் வாய் மண்ணைப் பார்த்திருந்தது, பொங்கிய பாலெல்லாம் தெருவில் கொட்டிக் கிடந்தது. இடதும் வலதும் சரியாக வருகிறதா என்று ஒரு மாதமாகப் பார்த்தவள், கோலத்தை யார் எங்கே நின்று பார்ப்பார்கள் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. அந்தக் கோலங்களை அதுவரை நான் தெருவில் நின்று முழுசாகப் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டு அம்மா தலையில் ஈரத்துண்டோடு வந்தாள். கேட்டுக்கு உள்ளேயே நின்றாள். குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எனக்கு நேராத்தான்க்கா கீது," என்றாள்.

"உள்ள நின்னுக்கினு பாத்தா நேராத்தான் தெரியும். கோலம் தெருவுக்குடி. கழுவி உடு மொதல்ல," என்றார் ஓனரம்மா.

"இருங்கக்கா. கொயந்த ஒரு போட்டோ புடிச்சிக்கட்டும்."

நான் உள்ளே வந்து அம்மா பக்கத்தில் நின்று படம் பிடித்தேன். பிறகு அம்மா வாளியை எடுத்துவந்து, வேறு யாரும் தொடுமுன் தானே தண்ணீரை ஊற்றினாள். மஞ்சளும் காவியும் சாக்கடைப் பக்கம் ஓடின. அவள் கையால் ஊற்றியதற்காக வெகுநாள் அவளை மன்னிக்காமல் இருந்தேன். ஓனரம்மாவை ஊற்றவிடக் கூடாது என்றுதான் முந்திக்கொண்டாள் என்பது புரிய எனக்குக் கல்லூரி வரை ஆனது.

செல்வி அக்கா என் பொடியை வாங்கி, இரண்டு நிமிடத்தில் ஒரு பானை போட்டார், தெருவைப் பார்த்து. அன்று முழுவதும் ஜன்னலில் நின்று நான் பார்த்தது அந்தப் பானையைத்தான். எங்களுக்கு அது கவிழ்ந்தே இருந்தது. அம்மா தட்டில் வைத்த பொங்கலை நான் தொடவில்லை. அவளும் சாப்பிடு என்று ஒருமுறைக்குமேல் சொல்லவில்லை.

மறுநாள் விடியலில் மறுபடி போனேன். எங்கள் வாரம் இன்னும் ஆறு நாள் இருந்தது. ஏழுக்கு ஏழு புள்ளி, சிக்குக் கோலம். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்றாகத் தெரிவது. வேனுக்கு ஓடிய அம்மா கேட்டுக்கு வெளியே சட்டென்று நின்று, சேலையைத் தூக்கிப் பிடித்து, கோலத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். ஆறு நாளும் மற்றவர்கள் யாரும் நன்றாக இருக்கிறது என்றோ, தப்பு என்றோ சொல்லவில்லை. அடுத்த முறை எங்கள் வாரம் வருமுன் நாங்கள் வேறு வீடு பார்த்துப் போய்விட்டோம்.

அந்தக் காம்பவுண்டு இருந்த இடத்தில் இப்போது நாலு மாடிக் கட்டடம். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கேட்டு எங்கே இருந்தது என்று என்னால் காட்ட முடியவில்லை. அந்த போன் செத்து வெகுநாளாயிற்று. அதிலிருந்த சின்ன மெமரி கார்டை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறேன். பொங்கல் பானைப் படம் அதில் இருக்கிறது. கீழ் ஓரத்தில் அம்மாவின் இரண்டு பாதங்கள், மெட்டியோடு, ஈரமாக. பார்க்கிற யாருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியாது. நான் இன்று கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எந்தத் திசை மேலே என்று அம்புக்குறி போடாமல் எங்கள் மேசையைவிட்டு ஒரு தாள்கூட நகராது.

நானும் அம்மாவும் அண்ணனூரில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். அப்பா இல்லை. அம்மாவுக்குத் தையல் மிஷின் வெளிச்சத்தில் கண் கெட்டு, வேலையை விட்டுவிட்டாள். காலை ஏழரைக்கு நான் கிளம்பினால் அவள் உள்ளே தாழிட்டுக்கொள்வாள், போன் அவளிடம் இருக்கும், மீட்டிங்கில் இருக்கும்போது அவள் கூப்பிட்டால் என்னால் எடுக்க முடியாது. இந்தப் பொங்கலுக்கு நான் எழுந்து வந்தபோது அவள் வாசல்படிக்கு வெளியே, டைல்ஸில், சுண்ணக்கட்டியால் ஒரு பானை வரைந்து முடித்திருந்தாள். நான் பால் பாக்கெட் எடுக்க அதைத் தாண்டிக் காரிடாருக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். பானை கவிழ்ந்திருந்தது.

"நேரா கீதா பாப்பா?" என்று உள்ளே நின்று கேட்டாள்.

உள்ளே வந்து அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன். "நேராத்தான்மா கீது," என்றேன்.

லிப்ட் மேலே போய், கீழே போனது. எதிர்வீட்டில் ஊருக்குப் போய்விட்டார்கள், அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மதியம் வரை அந்தப் பானை அப்படியே கிடந்தது. தப்பென்று சொல்ல அந்த மாடியில் ஓர் ஓனரம்மாகூட இல்லை.