வத்தல் கிட்டங்கியில் நான்கு குரல்

குத்தூசி கைதவறி விழுந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மூட்டையில் செருகி மிளகாய் வத்தலை மாதிரிக்கு எடுத்துப் பார்க்கிற அந்த இரும்பு ஊசி, எங்கள் சரக்குக் கிட்டங்கியின் சிமெண்டுத் தரையில் விழுந்து ‘டிங்’ என்றது. நவம்பர் கடைசி. மழைக்கு எங்கெங்கே ஒழுகுகிறது என்று பார்த்து வரச்சொல்லி அத்தா அனுப்பியிருந்தார். பழைய சரக்கெல்லாம் போய்விட்டது, புதுச் சரக்கு வர மாசியாகும். மூட்டையே இல்லாத கிட்டங்கியை அதுவரை நான் சரியாகப் பார்த்ததில்லை. உயரமான கூரை, நீளநீளமாக வெற்றுச் சுவர். அந்த ‘டிங்’ கூரை வரைக்கும் ஏறி, அங்கேயே கொஞ்சநேரம் நின்று, மனமே இல்லாமல் கரைந்தது.

சும்மா ஒரு ‘ஆ’ சொல்லிப் பார்த்தேன். என் குரல் கரகரப்பு. பள்ளிக்கூடக் கொயரில் எனக்குக் கடைசி வரிசை, அடிக்குரல் பாடுகிற பாஸ். அங்கே அது யாரோ பெரிய மனிதரின் குரலாகத் திரும்பி வந்தது. அது கரைவதற்குள் அதற்கு ஐந்தாம் சுரத்தை மேலே வைத்தேன். இரண்டும் சேர்ந்து ஒலித்தன. பாடுவது ஒரே ஆள், கேட்பது இரண்டு குரல்! கையில் ரோமம் நின்றுவிட்டது. “இங்கதான்!” என்று சத்தமாகவே சொன்னேன்.

எதற்கு ‘இங்கதான்’ என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் விருதுநகரில் வத்தல் வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பம், அப்பாவை அத்தா என்போம். ஆனால் நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடம். ஒவ்வொரு டிசம்பரும் கொயரில் ஆள் குறையும்போது, சுருதி சேருகிறவன் எவனாயிருந்தாலும் இழுத்துக்கொள்வார்கள். அப்படி இழுக்கப்பட்டவன்தான் நான். மதுரையில் இன்ஜினியரிங் படித்தபோது ஹெட்போனில் பெரிய இசையெல்லாம் கேட்கத் தொடங்கினேன். முழு ஆர்க்கெஸ்ட்ராவும் நூறு பேர் கொயரும் சேர்ந்து செய்கிற பழைய ஐரோப்பியக் கிறிஸ்துமஸ் இசை. வகுப்பில் பாதி நாள் அதுதான் காதில். படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். கடையில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டே சோப்ரானோ, ஆல்ட்டோ என்று பெண்குரல் இரண்டு, டெனர், பாஸ் என்று ஆண்குரல் இரண்டு, ஆக நாலு பகுதிக் குரலில் ஒரு பெரிய பாட்டை இந்த ஊரிலேயே பாடிவிட வேண்டும் என்று வெறிபிடித்து ஆள் சேர்த்தேன். கடைசியில் என்னோடு சேர்த்துப் பதினாலு பேர் ஆனோம். லத்தீன் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, கீழே டோ-ரே-மி என்று சுரத்துக்கு எழுத்துப் போடுகிற சொல்ஃபா குறித்து, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு சபை ஹாலில் ஞாயிறு மதியம் பயிற்சி. தாழ்வான சீலிங், பத்து ஃபேன். என்ன பாடினாலும் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிதான் இருந்தது.

எங்களோடு டெனர் பாடுகிறவன் என் பழைய வகுப்புத் தோழன், சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ஸில் வேலை. “காலண்டர் சீசன்ல கொயர் வைக்கிறதுக்கு ஒன்ன மாதிரி வேலையத்தவனாலதான் முடியும் மாப்ள” என்பான். விரல் நகத்தில் மை காயாமலே வருவான். டெனருக்குப் பாட்டில்லாத எட்டுத் தாளக்கட்டு நேரத்தில் நின்றபடியே தூங்குவான். அவன்தான் அவளைக் கூட்டிவந்தான். “எங்க சபையில ஒரு பிள்ள இருக்கு. மேல போச்சுன்னா எறங்கவே எறங்காது.”

சிவகாசிப் பக்கத்து எம். புதுப்பட்டிக்காரி அவள். பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங். தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டிக் கிடந்ததால் அவளுக்கு ஞாயிறு மட்டுமல்ல, எல்லா நாளுமே ஓய்வு. முதல்நாள் நேரே என்னிடம் வந்தாள். தாளை வாங்கி உதட்டுக்குள் முணுமுணுத்தாள். பிறகு, பாட்டின் நடுவே ஒரு சோப்ரானோ மட்டும் பாட வேண்டிய தனிப்பாட்டின் உச்சிச் சுரத்தை, மாடத்தில் விளக்கு வைக்கிற மாதிரி, அலுங்காமல் கொண்டுபோய் வைத்தாள். ஆல்ட்டோ அக்காமார் தாளைப் பார்ப்பதை விட்டு அவளையே பார்த்தார்கள்.

அந்தத் தனிப்பாட்டைப் பாட எங்களில் வேறு யாராலும் முடியாது. அவள் இருந்தால் பாட்டு உண்டு, இல்லையென்றால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

“எங்க சபையில குழாய் மைக்குண்ணே” என்று ஒருநாள் சொன்னாள். “நான் பாடுறது எனக்கே தகரத்துல கேக்கும். ஒரே ஒரு தடவ மைக் இல்லாமப் பாடி, அது கடைசி ஆளு வரைக்கும் போகுதான்னு பாக்கணும்.”

ஆகவே குத்தூசி விழுந்த அன்றைக்கு எனக்கு முதலில் நினைவு வந்தது அவள்தான். அங்கிருந்து ஓடிப்போய் அத்தாவிடம் கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, சாயங்காலம், கிட்டங்கியில் நாற்காலி போட்டுக் கச்சேரி.

“ஆர்க்கெஸ்ட்ராவா? டான்ஸ் ஆடுற பிள்ளைக வருமோ?” என்றார் அத்தா.

“இது அந்த ஆர்க்கெஸ்ட்ரா இல்லத்தா. அம்பது வயலின் சேந்து வாசிக்கிறது. நம்மட்ட அதுவும் கெடையாது. கீபோர்டுதான்.”

“இல்லாததுக்கு எதுக்குலே அம்புட்டுப் பெரிய பேரு?” கணக்கு நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே யோசித்தார். இயேசு எங்களுக்கு ஈசா நபி. “ஈசா நபி பொறந்ததத்தான பாடுறீக? நல்லாப் பாடுங்க. வர்றவுகளுக்கு டீ சொல்லிரு. சாவியத் தொலைச்சிராத.”

கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, அங்கேயே முதல் ஒத்திகை வைத்தேன். சனிக்கிழமை பூராவும் சுத்தம் செய்தோம். நானே ஏணி போட்டு ஏறி, கூரை இரும்பில் படிந்திருந்ததையெல்லாம் தட்டிவிட்டேன். லோடு ஏற்றுகிற அண்ணன்மார் மூன்று பேர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பெருக்கினார்கள். அவர்கள் துண்டு கட்டியதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அது என் புத்தியில் ஏறவே இல்லை. நான் கட்டவில்லை; எனக்குத் தும்மல்கூட வரவில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் காற்றில் கிடந்த மூக்கு. ‘பளிச்சென்று இருக்கிறது’ என்று டெனருக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். தண்ணீர் விட்டுக் கழுவத் தோன்றவில்லை. தரை ஈரமானால் சரக்குக்கு ஆகாது என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிய விஷயம். சரக்கே இல்லாத கிட்டங்கியில் அந்த யோசனை எதற்கு என்று கேட்க யாரும் இல்லை.

மூன்று மணிக்கு வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு ஆல்ட்டோ அக்கா, “என்ன இங்கன நெடி தூக்குது?” என்றார். “வத்தல் கடையில மல்லிகைப்பூவா மணக்கும்?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

முதல் கூட்டுச்சுரம். ஐயோ, அதை எப்படிச் சொல்ல? பதினாலு பேர் பாடினோம், நூறு பேர் பாடியது. டெனர் தூங்காமல் கண்ணை அகல விரித்து நின்றான். எங்கள் பாஸ் மூன்று பேரும் வாழ்க்கையில் முதல்தடவையாக அவரவர் குரலைக் கேட்டோம். தாளில் இரண்டு பக்கம் அப்படிப் போனது. பாடுகிறவர்கள் மூச்சு இழுக்கிற விதம் தெரியுமல்லவா? வயிறு வரைக்கும், வாய் திறந்து. பதினாலு பேரும் அப்படி இழுத்தோம். முந்தின நாள் நான் தட்டிவிட்ட வத்தல் தூசியெல்லாம் இன்னும் காற்றில்தான் நின்றுகொண்டிருந்தது.

முதல் இருமல் ஆல்ட்டோவில் வந்தது. பிறகு சோப்ரானோவில் இரண்டு. நான் கையை ஆட்டி ‘நிறுத்தாதீர்கள்’ என்று காட்டினேன். இதுவும் நான் செய்ததுதான். அப்போது அவள் தனிப்பாட்டை எடுத்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியப் பாடினாள். உணர்ச்சியில் அழுகிறாள் என்று நினைத்தேன். இருமலை அடக்கி அடக்கி மேலே ஏறினாள். உச்சியைத் தொட்டாள். தொட்ட இடத்தில் ஏதோ கிழிந்த மாதிரி ஒரு சத்தம், பிறகு காற்று மட்டும் வந்தது. குனிந்து இரும ஆரம்பித்தவள் நிமிரவில்லை. மூச்சு விசில் அடித்தது. எல்லோரும் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓட, அவளைத் தூக்கிக்கொண்டு டெனர் ஆட்டோ பிடித்தான். அவள் குனிந்தபோதும் அந்த ஒரு சுரம் மட்டும் கூரையில் கொஞ்சநேரம் இருந்தது. அதை நான் நின்று கேட்டேன். இதையும் மறைக்கப் போவதில்லை.

ஆஸ்பத்திரியில் மூக்கில் மருந்துப் புகை வைத்தார்கள், மூச்சு சீரானது. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல்வளையில் ரத்தம் கட்டியிருக்கிறது, ஒரு மாதத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது, பாட்டைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார். அவள் அம்மா புதுப்பட்டியிலிருந்து, ஞாயிறும் ஓடுகிற வேறொரு பட்டாசுக் கம்பெனியின் வேலைச் சட்டையோடு வந்திருந்தார். சேலைக்கு மேல் போடுகிற அந்தச் சட்டையில் வெடிமருந்தின் சாம்பல்நிறம் ஒட்டியிருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வெடிமருந்துக்குத் தப்பிச்ச பிள்ளைய வத்தத் தூசியில கொல்லப் பாத்தீகளே தம்பி.”

திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அதற்குப்பிறகு “சாப்பிட்டீகளா?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அத்தாவிடம் சொன்னேன். கணக்கு நோட்டை மூடினார். “நம்ம மூக்கு என்னிக்கோ செத்துப்போச்சுலே” என்றார். “எனக்காவது தெரிஞ்சிருக்கணும்.” அவர் தன்மேல் போட்டுக்கொண்டது எனக்கு இன்னும் பாரமாகிவிட்டது.

கச்சேரி நடக்கவில்லை. பயிற்சி செய்த சபையின் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில், தொண்டை தேறியவர்கள் ஒன்பது பேர் நின்று, எல்லோருக்கும் தெரிந்த இரண்டு பாட்டை கீபோர்டோடு பாடினோம். கைதட்டினார்கள். நான் உதட்டை மட்டும் அசைத்தேன். ஹெட்போனைப் போட்டு அந்த இசையைக் கேட்க முயன்றேன். சோப்ரானோ மூச்சு இழுக்கிற இடம் வந்ததும் கழற்றி எறிந்துவிட்டேன். மூன்று வருடமாக என்னை எங்கெங்கோ கொண்டுபோன இசை அது. இப்போது ஒரு பெண்ணின் மூச்சுச் சத்தமாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்த ஆசை எனக்கு எதற்கு வந்தது? வராமல் இருந்திருந்தால் அவள் தன் சபையில் குழாய் மைக்கிலாவது பாடிக்கொண்டிருப்பாள்.

பொங்கல் கழித்து டெனரோடு புதுப்பட்டி போனேன். மறுபடி கம்பெனிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். பேசினாள். பேசியது வேறு யாரோ. தடித்த, அடியில் மணல் உருளுகிற குரல்.

“இனிமே ஒங்க வரிசையிலயே நிக்கலாம்ணே. பாஸ் நாலு பேராயிரும்” என்றாள். டெனர் சிரிக்கப் பார்த்து, முடியாமல் வாசல் பக்கம் போய்விட்டான். அவள் அம்மா முறத்தை வைத்துவிட்டு உள்ளே போனார்.

“பாடிப் பாத்தியா?” என்றேன்.

“டாக்டர் மெதுவாப் பாடலாம்னுட்டாரு. மேல ஒண்ணும் இல்ல. போனா வெறும் காத்து. கீழதான் கொஞ்சம் இருக்கு.” பிறகு, என்னைப் பார்க்காமல், “அந்தப் பாட்டு மொத்தமாத் தெரியும் எனக்கு. தெனம் மனசுக்குள்ள ஓடுது. அதான் எரிச்சலா இருக்கு.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “அத விடுங்க, நீங்க கேட்டதாவே வச்சுக்கிறேன்” என்று கையை ஆட்டினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஒன்றுதான் தோன்றியது: பாட்டை அவள் குரல் இருக்கிற இடத்துக்கு இறக்கிவிட வேண்டும். சொல்ஃபாவில் சுருதி இறக்குவது சுலபம். தாளின் தலையில் சுருதியைக் குறிக்கிற ஒரே ஒரு எழுத்தை மாற்றினால் போதும். பாஸ்காரர்களின் தொண்டையை யார் இறக்குவது? நாலு சுரம் கீழே போனால் எங்களுக்குப் பாதி இடத்தில் உறுமல்கூட வராது. ஆகவே பாஸ் பகுதியை முழுக்கப் புதிதாக எழுத வேண்டும். பாஸ் மேலே வந்தால் டெனர் இடிக்கும், அதையும் எழுத வேண்டும். இரண்டு பக்கம் முடித்திருக்கிறேன். கீபோர்டில் வாசித்துப் பார்த்தேன், அசிங்கமாக இருக்கிறது. வெளிச்சமான பாட்டாக இருந்தது, இப்போது ஏதோ துக்கவீட்டுப் பாட்டு மாதிரி கிடக்கிறது. அவளுக்கு இது வேண்டுமா என்றே இன்னும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்தது. சொல்வதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது.

ஞாயிறு ஆராதனை முடிந்து பதினோரு மணிக்கு அவர்கள் சபை வாசலில் இருப்பாள் என்று டெனர் சொன்னான். அங்கேதான் அவளிடம் கேட்கப் போகிறேன். அதற்குள் மூன்றாம் பக்கத்தை எழுதி முடிக்க வேண்டும். தனிப்பாட்டு அதில்தான் ஆரம்பிக்கிறது.