வலப்பக்கத்தால் தொடங்கிய கொப்பி

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு கிழமை இருக்கும். முல்லைத்தீவில், களப்புக்குக் கிட்ட இருக்கிற எங்கள் வீட்டில் நடந்தது. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். சின்ன வயதில் குர்ஆன் ஓதப் பழகியதோடு சரி. பிறகு இடம்பெயர்வு, புத்தளம், பிள்ளைப்பேறு, திரும்பி வருகிறது என்று காலம் ஓடிவிட்டது. அப்படிப்பட்ட நான் அறுபத்தெட்டு வயதில் புத்தகம் பார்க்கப் பழகிய கதை இது. இப்போது சொல்லச் சந்தோஷமாக இருக்கிறது. நடந்தபோது அப்படி இல்லை.

அதற்கு ஐந்து மாதம் முந்தி என் மருமகன் வீச்சுவலையோடு களப்பில் இறால் பிடிக்கப் போனவர். மூன்றாம் நாள் உயிரில்லாத ஜனாஸாவாகத்தான் வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து பத்து வயதுப் பேத்தி வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடம் போவாள், சாப்பிடுவாள், என் பாயில் படுப்பாள். கதை மட்டும் இல்லை. மகளும் அழவில்லை. வீட்டில் சத்தம் போட்டது நானும் ஆடும்தான். அந்த ஆடு ஒரு நாள் என் முக்காட்டின் பாதியைத் தின்றுவிட்டது. சரி, அதை விடுவோம்.

பெருநாளுக்கு வவுனியாவிலிருந்து வந்த சொந்தக்காரப் பிள்ளை ஒருத்தி, கம்பஸில் படிக்கிறவள், பேத்திக்கு நாலு புத்தகம் கொடுத்தாள். ஜப்பான்காரர் கீறுகிற படக்கதையாம், மங்கா என்று பெயராம். இரண்டு பேரும் மாமரத்தடியில் இருந்து புரட்டினார்கள். அவள் போன பிறகும் பேத்தி அந்தப் புத்தகங்களைக் கீழே வைக்கவில்லை. பிறகு ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்து, பெட்டி பெட்டியாகக் கட்டம் போட்டுத் தானும் கீறத் தொடங்கினாள். பிள்ளை எதிலோ மனதைச் செலுத்துகிறாளே என்று எனக்குப் பெரிய ஆறுதல்.

ஒரு சனிக்கிழமை காலை, தலையணைக்குக் கீழே அந்தக் கொப்பியைக் கண்டு மகள் எடுத்துப் பார்த்தாள். முதல் கொஞ்சப் பக்கம் வெள்ளை. அதற்குப் பிறகு படங்கள். ஒரு பெட்டைப் பிள்ளை கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறாள். முகத்தில் கண் இருக்கிறது, மூக்கு இருக்கிறது, வாய் இல்லை. அடுத்த பக்கம், இடுப்பளவு தண்ணீர். பிறகு கரை. பிறகு பள்ளிவாசல் மதிலடி. பிறகு எங்கள் வாசல் படலை! பிறகு எங்கள் குசினி அடுப்படி. நடக்கிற மாதிரி ஒரு படமும் இல்லை. ஒவ்வொன்றிலும் எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கடைசிப் பக்கத்தில் பாயில் ஒரு கிழவி வாயைப் பிளந்து கொண்டு நித்திரை. அது நான். என் தலைமாட்டில் அந்த வாயில்லாத பெட்டை.

மகள் கொப்பியைப் பாயில் எறிந்துவிட்டாள்.

“உம்மா, தண்ணிக்குள்ள இருந்து என்னமோ வந்து எங்கட வீட்டுக்குள்ள நிக்குது. பிள்ளைக்குத் தெரியுது போல. நான் பள்ளிவாசல் லெப்பையிட்டப் போய் தண்ணி ஓதிக்கொண்டு வாறன்.”

“சும்மா இரு புள்ள, படம்தானே,” என்று சொன்னேனே தவிர, எனக்கும் பிடரி மயிர் நட்டுக்கொண்டது. மகள் போன பிறகு தலைமாட்டுப் பக்கம் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன்.

மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டு, பயத்துக்குக் கொஞ்சம் ஓதுவோம் என்று குர்ஆனை எடுத்தேன். அரபு வலப்பக்கத்தால்தானே தொடங்கும்; வலப்பக்க மட்டையைத் திறந்தேன். பக்கத்துக் கதிரையில் பேத்தியின் மங்கா ஒன்று கிடந்தது. அதிலும் அந்தப் பக்கத்து மட்டையில்தான் பெரிய படம். கையில் எடுத்து, ஓதுகிற மாதிரியே வலப்பக்கத்திலிருந்து புரட்டினேன். சின்னப் பெட்டை ஒருத்தி தம்பியோடு விளையாடுகிறாள், பிறகு தம்பியைத் தேடுகிறாள், பிறகு அழுகிறாள். ஒரு எழுத்தும் தெரியாமல் எல்லாம் விளங்கியது! அல்லாஹ், எனக்குப் புத்தகம் விளங்குகிறதே என்று ஒரு நிமிடம் குளிர்ந்து போனேன்.

அடுத்த நிமிடம்தான் கொப்பி ஞாபகம் வந்தது. பேத்தியும் கொப்பியை இப்படித்தானே கீறியிருப்பாள்?

கொப்பியை மற்றப் பக்கத்தால் திறந்தேன். முதலில் நான் நித்திரை; பிள்ளை தலைமாட்டில் நின்று பார்க்கிறாள். பிறகு குசினி. படலை. மதிலடி. கரை. இடுப்பளவு தண்ணீர். கழுத்தளவு தண்ணீர். அதற்குப் பிறகு வெள்ளைப் பக்கங்கள்.

ஒன்றும் வீட்டுக்குள் வரவில்லை. வாய் பேசாத என் பிள்ளைதான் வீட்டைவிட்டுப் போகிறாள்.

கூப்பிட்டேன். வீட்டிலும் இல்லை, மாமரத்தடியிலும் இல்லை. படலை திறந்து கிடந்தது. செருப்பும் போடாமல் ஓடினேன். வெயிலில் ஒரு குருவிகூடச் சத்தம் போடவில்லை. எங்கள் ஒழுங்கையில் இருக்கிற, யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து வயல் செய்கிற தம்பி மோட்டார் சைக்கிளில் எதிரே வந்தார்.

“எங்கையணை ஆச்சி இந்த வெயிலுக்கை ஓடுறியள்?”

“பேத்தி, தம்பி... களப்பு...”

“ஏறுங்கோ!”

வாழ்க்கையில் ஏறாத மோட்டார் சைக்கிளில் ஏறி, அந்நிய ஆண் என்றும் பாராமல் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பிள்ளை நெஞ்சளவு தண்ணீரில், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். களப்பு கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. கூப்பிடுகிறேன், திரும்பவில்லை. யாரோ கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி தலையைச் சரித்திருந்தாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள் மகள். எழுது புள்ள, நடந்ததுதானே. அந்தத் தம்பி உடுப்போடு இறங்கி, அவளை அள்ளிக்கொண்டு வந்தார்.

மண்ணில் இருத்தி, முக்காட்டால் தலையைத் துவட்டினேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தாள்.

“வாப்பாவப் பார்த்திட்டு வரத்தான் போனனான் உம்மம்மா. அந்தப் புத்தகத்தில அக்கா அப்பிடித்தான் தம்பியப் பார்த்திட்டு வாறா. கொப்பியில சொன்னனான் தானே. நீங்க ஒருத்தரும் பார்க்கேல்லையா?”

“பார்த்தம் புள்ள. பிழையான பக்கத்தால பார்த்திட்டம்.”

வீட்டுக்கு வந்த மகள் புத்தகங்களை அடுப்பில் போடப் போனாள். நான் விடவில்லை. “புத்தகத்தால போன பிள்ளை எண்டுதானே எரிக்கப் போறாய்? அதே புத்தகத்தாலதான் எனக்கு விளங்கினது,” என்று பறித்து வைத்தேன். ஆஸ்பத்திரியில் பிள்ளைகளோடு கதைக்கிற டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். கீற விடுங்கோ, கூட இருந்து பாருங்கோ, தனிய விடாதேங்கோ என்றா அவா.

அன்றிலிருந்து பின்னேரங்களில் மூன்று பேரும் ஒரே பாயில் இருந்துதான் மங்கா பார்க்கிறோம். தம்பியைத் தேடுகிற பெட்டை தண்ணீருக்குள் போகிற பக்கம் வந்தபோது, இது கீறினவரின் கற்பனை, மனிசர் அப்படிப் போய்த் திரும்ப ஏலாது என்று பேத்திக்கு மகள்தான் சொல்லிக் கொடுத்தாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. அவ்வளவு நாளும் வராத அழுகை. பேத்தி அவள் மடியில் ஏறி இருந்தாள். நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு ஆட்டை ஏசினேன்.

அன்றைக்குப் பேத்தி தண்ணீருக்குள் யாருடைய கதையைக் கேட்டுக்கொண்டு நின்றாள் என்று நான் இன்றுவரை அவளிடம் கேட்கவில்லை. ஆனால் எந்தப் பிள்ளையாவது பேசாமல் இருந்து கீறக் கண்டால், என் வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் போய்க் குந்துகிறேன். கதை எங்கே தொடங்குகிறது என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டுவிட்டுத்தான் பார்க்கத் தொடங்குகிறேன்.