உருத்திரமூர்த்தி அண்ணையின் சூட்டு அட்டை

அந்த அட்டையைக் கோப்புக்குள் வைக்கச் சொன்னது நான்தான். இதை முதலே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது சுற்றிவளைத்துச் சொல்லி நான் கேட்க வேண்டாம்.

உருத்திரமூர்த்தி அண்ணை யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். 1984இல் சுவிசுக்கு வந்தபோது வயது நாற்பத்து நான்கு. மனைவி செல்வராணியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அதுவரை ஆரா நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், துப்பாக்கிச் சூட்டுக் கழகத்தின் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. தபால் கந்தோர் வாசலில் இராணுவம் சுட்டதைக் கண்ணால் பார்த்து ஓடிவந்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்த நாட்டில் எங்கே கிடைக்கும்?

சனிக்கிழமைகளில் ஊர் ஆண்கள் பட்டாளம் வீட்டில் வைத்திருக்கக் கொடுத்த துப்பாக்கியைச் சைக்கிளில் கொண்டுவந்து முந்நூறு மீட்டரில் சுடுவார்கள். முதல் வெடிக்கே அண்ணை கையிலிருந்த கோப்பைகளோடு நிலத்தில் விழுந்து தலையைப் பொத்திக்கொண்டார். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. மூன்றாவது தடவை முதலாளி, இனி விழுந்தால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்றார். வேலை போனால் மறுபடியும் நிலத்துக்கு அடியிலுள்ள அகதி முகாம்தான். யன்னலே இல்லாத அந்த இடத்தில் ஐந்து மாதம் கிடந்தவர் அவர்.

கழகத்தின் செயலாளர் வ்ரேனி, முப்பது வயதுப் பெண், குசினிக்குள் வந்து அவரைப் புதன்கிழமை வரச் சொன்னாள். புதன்கிழமை புதியவர்களுக்கு, ஐம்பது மீட்டரில், சிறிய துப்பாக்கி. வேறு ஊரில் இருந்த எனக்கு அண்ணை இதைத் தொலைபேசியில் சொன்னார்.

"அண்ணை, உங்களுக்கு விசரோ?"

"பயத்தோட வேலை செய்ய ஏலாது, நேசன். சின்னனில தொடங்கினா காது பழகுமாம்."

ஒரு புதன்கிழமை நானும் போய்ப் பார்த்தேன். தோட்டா சுண்டுவிரல் நுனியளவு. சத்தம் காய்ந்த சுள்ளியை முறித்தது போல. தோளில் உதையும் இல்லை. பெரிய துப்பாக்கியில் தொடங்குகிறவன் அடுத்த வெடிக்கு முன்பே கண்ணை மூடிக்கொள்வான், இதில் கண் திறந்தே இருக்கும் என்று வ்ரேனி விளக்கினாள். முதல் மாதம் அண்ணை துப்பாக்கியைத் தொடவில்லை. வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கி ஒரு தகரப் பேணிக்குள் போட்டார். இரண்டாம் மாதம் பாயில் படுத்து, மூச்சைப் பிடித்துச் சுட்டார். மூன்றாம் மாதம் சனிக்கிழமைகளில் ஒரு கோப்பையும் விழவில்லை.

உண்மையில் காது மட்டும் பழகவில்லை. அந்த ஊரில் தமிழ் கதைக்க ஒரு குருவி இல்லை. கிழமை முழுக்க அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. புதன்கிழமை மட்டும் "ருத்தி, உன் முறை" என்று யாரோ கூப்பிட்டார்கள். அதற்காகவே சட்டைக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டு போவார். நான் கேலி செய்வேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் வ்ரேனி கோப்பி குடிக்கக் கூப்பிட்டுத் தன் வீட்டு நிலவறையையும் காட்டினாளாம். அரிசி, சீனி, எண்ணெய், பேணியில் அடைத்த மீன், பக்கத்தில் சின்னத் தோட்டாக்கள் நிறைந்த பெட்டி.

"எதுக்கு எண்டு கேட்டன். ஏதும் நடந்தா எண்டு சொன்னா," என்றார் அண்ணை. "எங்களுக்கு எல்லாம் நடந்தது, நேசன். வீட்டில ஒரு கிலோ சீனி இருக்கேல்லை."

பயிற்சி முடிவில் கழகம் அவருக்கு ஒரு அட்டை கொடுத்தது. பெயர், நூற்றுக்கு எண்பத்திரண்டு புள்ளி, கையெழுத்து, முத்திரை. கட்டிலுக்கு மேலே குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் அதை ஒட்டிவைத்தார்.

1986இல் விசாரணைக்குக் கடிதம் வந்தது. கோப்புத் தயாரிக்க என்னைக் கூப்பிட்டார். முத்திரை குத்திய காகிதத்தைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இராது. பிறப்புப் பத்திரம், நியமனக் கடிதம், பாடசாலையில் ஓட்டப் போட்டிக்கு வாங்கிய சான்றிதழ் எல்லாம் அடுக்கினோம். நான் சுவரைக் காட்டினேன்.

"அதையும் வையுங்கோ அண்ணை. இந்த நாட்டோட ஒத்துப்போறியள் எண்டு தெரியட்டும்."

"துவக்கால சுடுற விசயமெல்லே?"

"சுவிஸ்காரனுக்கு அதுதானே பெருமை."

அவர் அட்டையைக் கழற்றித் துடைத்துத் தந்தார்.

விசாரணை முடிந்து நான்கு மாதத்தில் பதில் வந்தது. நான்தான் அகராதியோடு இருந்து வாசித்துச் சொன்னேன். வெடிச்சத்தமே தாங்க முடியாதென்று விண்ணப்பதாரர் கூறுகிறார். அதே நபர் ஓய்வு நேரத்தில் விரும்பித் துப்பாக்கி சுடுகிறார், நல்ல புள்ளியும் எடுத்திருக்கிறார். ஆகவே அவருடைய பயம் நம்பத்தக்கதல்ல. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

அண்ணை என்னை ஒரு சொல் ஏசவில்லை. "நீர் நல்லதுக்குத்தானே சொன்னனீர்," என்றார். ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

மேன்முறையீடு செய்தோம். அதுவும் தோற்றால் செல்வராணியையும் பிள்ளைகளையும் கூப்பிட வழியில்லை. தீர்ப்பு வரும்வரை கழகத்துப் பக்கமே போகக்கூடாது, பயம் இருக்கிறதென்று மருத்துவரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றார் வழக்கைப் பார்த்த சட்டத்தரணி. அண்ணை குசினி வேலையை விட்டு ஆராவில் துப்புரவு வேலைக்குப் போனார். அறை மட்டும் அதே கிராமத்தில். வ்ரேனி இரண்டு தடவை வந்து கதவைத் தட்டினாளாம். அண்ணை விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருந்திருக்கிறார்.

மருத்துவரிடம் போகும் நாள் நெருங்கியது. அதற்கு முந்திய சனிக்கிழமை நான் போனபோது நல்ல குளிர். அவர் யன்னலை அகலத் திறந்துவைத்துக் கட்டிலில் இருந்தார். தூரத்தில் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. ஒன்று, இரண்டு, பிறகு கூட்டமாக. அவர் இரண்டு கைகளையும் எனக்கு முன்னால் நீட்டினார்.

"நடுங்குதோ பாரும்."

கைகள் அசையவில்லை.

"ஆறு சனிக்கிழமையாப் பாக்கிறன். நடுக்கம் வருகுதில்லை," என்றார். "பயம் போயிட்டுது எண்டு செல்வராணிக்கு என்னெண்டு எழுதிறது?"